நில் வேறு, நல் வேறு: டேட்டாபேஸில் காலிக் கட்டங்களைக் கையாளும் முறை

கடைக் கணக்கில் 'நில்' என்று எழுதியிருந்தால் குழப்பம் இல்லை. சரக்கை எண்ணிப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை, கையிருப்பு பூஜ்யம். டேட்டாபேஸில் வரும் 'நல்' அப்படிப்பட்டதல்ல. அங்கே யாரும் எண்ணவே இல்லாமல் இருக்கலாம், எண்ணி எழுதிய தாள் தொலைந்திருக்கலாம், எண்ணுவதற்கான பொருளே இல்லாமலும் இருக்கலாம். பூஜ்யம் என்பது ஒரு பதில். நல் என்பது பதில் இன்னும் வரவில்லை என்பதற்கான அடையாளம். உச்சரிப்பில் ஓர் எழுத்துத்தான் மாறுகிறது. ரிப்போர்ட்டில் ஆயிரக்கணக்கில் மாறும். (தமிழில் 'நல்' என்றால் நல்லது. இந்த நல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு மல்லிகைக் கமிஷன் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விடியும்முன் பூ வந்து இறங்குகிறது. எடை போட்டுச் சீட்டு எழுதுகிறார்கள். விலை மட்டும் சந்தை நிலவரம் தெரிந்த பிறகு ஏறும். ஒரு நாள் வரவு டேட்டாபேஸில் இப்படி இருக்கிறது:

சீட்டு | ஊர் | எடை (கிலோ) | விலை (கிலோவுக்கு, ரூபாய்)
101 | வலையங்குளம் | 12 | 800
102 | திருமங்கலம் | 8 | நல்
103 | உசிலம்பட்டி | 5 | 600
104 | மேலூர் | 20 | 0
105 | அலங்காநல்லூர் | நல் | 700

மாதிரிக்காகப் போட்ட எண்கள்தான். ஆனால் ஐந்து வரிக்குள் எல்லாச் சிக்கலும் அடங்கிவிடும். 102-க்கு இன்னும் விலை முடியவில்லை. 104 கோயிலுக்குக் காணிக்கையாகப் போன பூ, விலை உண்மையிலேயே பூஜ்யம். 105-க்கு எடைச் சீட்டு தொலைந்துவிட்டது. குறுக்கே ஓடுவதை வரி என்றும், நெடுக்கே ஓடும் எடை, விலை போன்றவற்றைப் பத்தி என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறோம். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கிலச் சொற்களாக அடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதற்குப் பொதுவாக மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். மதிப்பு இருக்கிறது, நமக்குத் தெரியாது (105-இன் எடை). மதிப்பு இனிமேல்தான் உருவாகும் (102-இன் விலை). அல்லது அந்த வரிக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. தலைச்சுமையாகப் பூ கொண்டுவருபவருக்கு 'வேன் வாடகை' என்ற பத்தி எதற்கு? தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாதிரியை 1970-இல் முன்வைத்த எட்கர் காட், 1985-இல் வெளியிட்ட பன்னிரண்டு விதிகளில் மூன்றாவது விதியையே இதற்கு ஒதுக்கினார்: விடுபட்ட தகவலைக் காட்ட, வெற்று எழுத்தோ பூஜ்யமோ அல்லாத ஒரு தனி வழி, எல்லா வகைப் பத்திக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பின்னாளில், 1990-இல், 'பொருந்தும் ஆனால் தெரியாது' என்பதற்கு ஒரு குறி, 'பொருந்தவே பொருந்தாது' என்பதற்கு வேறொரு குறி என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். எஸ்க்யூஎல் அதை ஏற்கவில்லை. மூன்று காரணத்துக்கும் ஒரே நல்தான். அதனால் காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை டேபிளை வடிவமைப்பவர் தலையில் விழுகிறது. கீழே வரும் பெரும்பாலான கோளாறுகளின் வேர் இதுதான்.

சமம் என்று கேட்டால் பதில் வராது

புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது எழுதும் கட்டளை இது ('வரவு' என்பது மேலே உள்ள டேபிளின் பெயர், 'வேர்' என்பதற்குப் பின் வருவது நிபந்தனை):

செலக்ட் * ஃப்ரம் வரவு வேர் விலை = நல்;

பிழைச் செய்தி வராது. வரியும் வராது. பிழை என்று திட்டியிருந்தாலாவது திருத்திக்கொள்ளலாம்; இது பேசாமல் 'ஒன்றும் இல்லை' என்கிறது, நாமும் விலை போடாத சீட்டே இல்லை என்று நம்பிவிடுகிறோம். சரியான வடிவம்:

செலக்ட் * ஃப்ரம் வரவு வேர் விலை இஸ் நல்;

ஏன் இப்படி? தெரியாத ஒன்றை எதனுடன் ஒப்பிட்டாலும் விடை 'தெரியாது' என்றுதான் வர முடியும். 102-இன் விலை 800-ஆ? தெரியாது. 800 இல்லையா? அதுவும் தெரியாது. விலை தெரியாத இரண்டு சீட்டுகளின் விலை ஒன்றா? அதுவும் தெரியாது. ஆகவே எஸ்க்யூஎல்லில் உண்மை, பொய் என்ற இரண்டோடு 'தெரியாது' என்று மூன்றாவதாக ஒரு விடையும் உண்டு. வேர் நிபந்தனை உண்மை என்று தேறிய வரிகளை மட்டுமே உள்ளே விடும். பொய்யும் தெரியாததும் வெளியே நிற்கும்.

இதன் விளைவைக் கண்ணால் பாருங்கள். 'விலை > 650' என்று கேட்டால் 101, 105 வரும். அதற்கு நேர் எதிரான 'நாட் (விலை > 650)' என்று கேட்டால் 103, 104 வரும். இரண்டையும் கூட்டினால் நான்கு. டேபிளில் இருப்பது ஐந்து. 102 இரண்டு பக்கமும் சேராமல் நழுவிவிட்டது. 'விலை <> 800' என்று எழுதினாலும் இதே கதைதான். ரிப்போர்ட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தம் கூட்டும்போது ஓரிரண்டு வரி குறைகிறதா? முதலில் இந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

மூன்றாவது விடை மற்றவற்றோடு சேரும்போது என்ன ஆகும் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தெரியாத பக்கம் எதுவாக இருந்தாலும் முடிவு மாறாதா என்று கேட்டுப் பாருங்கள். 'பொய் ஆண்ட் தெரியாது' பொய்தான். ஒரு பக்கம் பொய்யான பிறகு மறுபக்கம் எதுவானால் என்ன. 'உண்மை ஆர் தெரியாது' அதே காரணத்தால் உண்மை. 'உண்மை ஆண்ட் தெரியாது' என்பதில் மறுபக்கத்தை நம்பித்தான் முடிவு இருக்கிறது, எனவே தெரியாது. 'நாட் தெரியாது' என்பதும் தெரியாததே.

இரண்டு நல்களை ஒன்றாகக் கருதி ஒப்பிட வேண்டிய இடமும் உண்டு. பழைய விலைக்கும் புதிய விலைக்கும் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது அப்படிப்பட்டது. அதற்கு ஸ்டாண்டர்டில் 'இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்' இருக்கிறது. டேட்டாபேஸ் மென்பொருள்களில், போஸ்ட்கிரெஸில் வெகுநாளாக உண்டு, எஸ்க்யூஎல் சர்வரில் 2022 பதிப்பில் வந்தது. மைஎஸ்க்யூஎல்லில் <=> என்ற குறி அதையே தலைகீழாகச் செய்யும்: இரண்டும் ஒன்றாக இருந்தால் உண்மை என்று சொல்லும்.

பைத்தானிலிருந்தோ ஜாவாவிலிருந்தோ கேள்வி அனுப்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'வேர் விலை = ?' என்று எழுதி, அந்தக் கேள்விக்குறிக்கு பைத்தானின் 'நன்' மதிப்பை அனுப்பினால் அது 'விலை = நல்' ஆகிவிடும். மேலே சொன்ன அதே மௌனம்.

கூட்டல், சராசரி: பணம் தொலையும் இடம்

கவுண்ட்(*) என்பது வரிகளை எண்ணும்: 5. கவுண்ட்(விலை) என்பது விலை உள்ள வரிகளை மட்டும் எண்ணும்: 4. இரண்டின் வித்தியாசம்தான் விலை விடுபட்ட சீட்டுகளின் எண்ணிக்கை. எந்தப் புது டேபிள் கைக்கு வந்தாலும் ஒவ்வொரு பத்திக்கும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சராசரிக்கு வருவோம். ஏவிஜி(விலை) நல்லைத் தொடாமல் தாண்டிவிடும். 800, 600, 0, 700 கூட்டினால் 2100. நான்கால் வகுத்தால் 525 ரூபாய். 'காலியாக இருந்தால் பூஜ்யம் போடு' என்று யாராவது நல்லெண்ணத்தில் மாற்றியிருந்தால் அதே 2100-ஐ ஐந்தால் வகுத்து 420. காணிக்கைப் பூவை விட்டுவிட்டு விற்ற பூவுக்கு மட்டும் கேட்டால் மூன்றால் வகுத்து 700. மூன்றுமே கணினி போட்ட சரியான கணக்கு. விவசாயி 'இன்று மல்லி சராசரி என்ன விலைக்குப் போனது?' என்று கேட்டால் சொல்ல வேண்டியது 700. 420 என்று சொன்னால் அவர் நாளைக்குப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

பழைய வழக்கப்படி, தெரியாத இடத்தில் 9999 என்றோ -1 என்றோ ஒரு பொய் எண்ணைப் போட்டு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 102-இல் 9999 இருந்தால் சராசரி 2419 ரூபாய் 80 காசு ஆகும். இது பார்த்தவுடன் உறுத்தும், பிடித்துவிடலாம். -1 போட்டால் 419 ரூபாய் 80 காசு. அது நம்பும்படியாக இருக்கிறது, அதனால் அதுதான் ஆபத்து. தேதிப் பத்தியில் 01-01-1900 போட்டு வைப்பதும் இதே குற்றம்தான்.

எளிதில் கண்ணில் படாத பிழை ஒன்று இருக்கிறது. கிலோவுக்குச் சராசரி விலை வேண்டுமென்றால் மொத்தத் தொகையை மொத்த எடையால் வகுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதுகிறோம்:

செலக்ட் சம்(எடை * விலை) / சம்(எடை) ஃப்ரம் வரவு;

வகுத்தல் குறிக்கு மேலே வரும் தொகையை முதலில் பாருங்கள். 101-க்கு 9600. 102-க்கு எட்டுப் பெருக்கல் நல், அது நல். 103-க்கு 3000. 104-க்கு 0. 105-க்கும் நல். கணக்கில் ஓர் இடத்தில் நல் வந்தால் அந்த வரியின் விடை முழுவதும் நல்லாகிவிடும். சம் அதைத் தாண்டிப் போய்விடும். மொத்தம் 12600. வகுப்பது எதால்? சம்(எடை) என்பது 12, 8, 5, 20 சேர்ந்து 45. விடை 280 ரூபாய். ஆனால் 102-இன் எட்டுக் கிலோ மேலே இல்லை, கீழே மட்டும் இருக்கிறது. விலை தெரிந்த பூவின் எடை 37 கிலோதான். சரியான விடை 340 ரூபாய் 54 காசு. ஒரே ஒரு காலிக் கட்டம், கிலோவுக்கு 60 ரூபாய் வித்தியாசம். திருத்தம் இது:

செலக்ட் சம்(எடை * விலை) / சம்(எடை) ஃப்ரம் வரவு
வேர் எடை இஸ் நாட் நல் ஆண்ட் விலை இஸ் நாட் நல்;

மேலும் கீழும் ஒரே வரிகளிலிருந்து வர வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். கூடவே எத்தனை வரி விடுபட்டது என்பதையும் ரிப்போர்ட்டின் அடியில் காட்டிவிடுங்கள். '5 சீட்டில் 3 சீட்டுக்கான சராசரி' என்று ஒரு வரி இருந்தால் படிப்பவர் எவ்வளவு நம்பலாம் என்று அவரே தீர்மானித்துக்கொள்வார்.

வரியே இல்லாத நாளையும் யோசிக்க வேண்டும். கடை விடுமுறையன்று சம்(எடை) கேட்டால் பூஜ்யம் வராது, நல் வரும். கவுண்ட் மட்டும் 0 என்று சொல்லும். அந்த இடத்தில் கோஅலெஸ்(சம்(எடை), 0), அதாவது நல் வந்தால் 0 காட்டு, என்று எழுதுவது நியாயம். பூ வரவில்லை, எடை பூஜ்யம்தான். ஆனால் பத்துச் சீட்டு வந்து பத்துக்குமே விலை முடியாத காலைப்பொழுதிலும் சம்(விலை) நல்தான் தரும். அங்கே பூஜ்யம் போட்டுக் காட்டினால் அது பொய். எழுதும் கட்டளை ஒன்றே, அர்த்தம் இரண்டு.

நாட் இன்: மொத்தத்தையும் விழுங்கும் வரி

விவசாயி என்று இன்னொரு டேபிள் இருக்கிறது. வரவு டேபிளில் விவசாயி_எண் என்ற பத்தியும் இருக்கிறது. 'இதுவரை பூவே கொண்டுவராதவர்கள் யார்?' என்று கேட்கிறோம்:

செலக்ட் பெயர் ஃப்ரம் விவசாயி
வேர் எண் நாட் இன் (செலக்ட் விவசாயி_எண் ஃப்ரம் வரவு);

இது மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். ஒரு நாள் யாரோ புதியவர் பூ கொண்டுவருவார், அவருக்கு எண் இல்லை, கட்டத்தைக் காலியாக விட்டுப் பதிவு செய்வார்கள். அன்றைக்கு இந்தக் கேள்விக்கு ஒரு பெயர் கூட வராது. நூறு பேர் வராமல் இருந்தாலும் பட்டியல் வெறுமை.

உள்ளே நடப்பது இதுதான். '7 நாட் இன் (1, 3, நல்)' என்பதை டேட்டாபேஸ் '7 <> 1 ஆண்ட் 7 <> 3 ஆண்ட் 7 <> நல்' என்று விரித்துப் படிக்கும். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது தெரியாது. உண்மையும் தெரியாததும் ஆண்டில் சேர்ந்தால் தெரியாது. ஏழாம் எண் வெளியே. எந்த எண்ணைப் போட்டாலும் கடைசியில் அதே நல் வந்து குறுக்கே நிற்கும். தர்க்கப்படி அது சொல்வதும் தவறில்லை: அந்த எண் இல்லாத ஆள் ஏழாம் எண்காரராகவே இருக்கலாமே, எப்படி உறுதியாகச் சொல்வது? நமக்கு வேண்டியது அந்த உறுதி அல்ல, அவ்வளவுதான்.

நாட் எக்சிஸ்ட்ஸ் இந்த வலையில் சிக்காது:

செலக்ட் வி.பெயர் ஃப்ரம் விவசாயி வி
வேர் நாட் எக்சிஸ்ட்ஸ் (செலக்ட் 1 ஃப்ரம் வரவு வ வேர் வ.விவசாயி_எண் = வி.எண்);

எங்கள் கருத்தில், உள்கேள்வியோடு நாட் இன் எழுதுவதையே விட்டுவிடலாம். பத்தி நாட் நல்லாக (காலியாக விடக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு) இருக்கிறது என்று இன்று தெரிந்தாலும், இரண்டு வருடம் கழித்து யாரோ அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவார்கள். உங்கள் கட்டளை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஜாயினில் தானாக முளைப்பவை

ஒரு டேபிளின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு இன்னொரு டேபிளில் பொருந்துவதைப் பக்கத்தில் ஒட்டுவது லெஃப்ட் ஜாயின். டேபிளில் ஒரு நல் கூட இல்லாவிட்டாலும் அதைப் போட்டவுடன் நல் வரும். பூ கொண்டுவராத விவசாயியின் பக்கத்தில் வரவுப் பத்திகள் எல்லாம் காலியாக நிற்கும். அதில் இரண்டு இடறல்கள். ஒன்று, கவுண்ட்(*) போட்டால் வராதவருக்கும் 1 என்று காட்டும். அவருடைய வரி ஒன்று இருக்கிறதல்லவா. கவுண்ட்(வ.சீட்டு) என்று எழுதினால்தான் 0 வரும். மற்றொன்று, தேதி நிபந்தனையை வேரில் போடுவது:

லெஃப்ட் ஜாயின் வரவு வ ஆன் வ.விவசாயி_எண் = வி.எண்
வேர் வ.தேதி = இன்றைய_தேதி

வராதவருக்கு வ.தேதி நல். நல் எந்தத் தேதிக்கும் சமமாகாது. வேர் அவரைத் தள்ளிவிடும். லெஃப்ட் ஜாயின் என்று எழுதிவிட்டு, பொருந்திய வரிகளை மட்டும் தரும் இன்னர் ஜாயினின் பலனைப் பெறுகிறோம். தேதியை ஆன் பகுதிக்குள் கொண்டுபோய்விட்டால் சரியாகும்.

விலை காலியாக வந்தால் 'பூவே வரவில்லை'யா, 'பூ வந்தது, விலை முடியவில்லை'யா? விலைப் பத்தியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வ.சீட்டு காலியா என்று பாருங்கள். அது பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பத்தி; ஸ்டாண்டர்டின்படி தன் டேபிளில் நல்லாக இருக்காது. அது காலியென்றால் வரியே இல்லை என்று அர்த்தம்.

இனிஷியல் இல்லாதவரின் பெயர் காணாமல் போவது

நம் பக்கத்துப் பெயர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று. இனிஷியல் ஒரு பத்தி, பெயர் ஒரு பத்தி. பட்டியலில் அச்சிட இனிஷியல் || '. ' || பெயர் என்று ஒட்டுகிறோம். இனிஷியல் காலியாக இருப்பவருக்குப் பெயர் முழுவதுமே காலியாக அச்சாகும். போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் இரண்டிலும் இந்தக் குறிக்கு இதுதான் நடத்தை. மைஎஸ்க்யூஎல்லில் கான்கேட்டும் இப்படியே. ஆரக்கிளில் மட்டும் பெயர் தப்பிக்கும், ஆனால் முன்னால் ஒரு அநாதைப் புள்ளி நிற்கும். புள்ளியையும் இனிஷியலோடு சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்:

கோஅலெஸ்(இனிஷியல் || '. ', '') || பெயர்

இனிஷியல் நல் என்றால் அடைப்புக்குள் இருப்பது மொத்தமும் நல்லாகி, புள்ளியும் சேர்ந்து மறையும் (ஆரக்கிளில் மட்டும் இது பலிக்காது, அங்கே புள்ளி நிற்கும்). நல் பரவும் குணத்தையே நமக்குச் சாதகமாக்கும் வரி இது. கோஅலெஸ் என்பது கொடுத்த பட்டியலில் நல் அல்லாத முதல் மதிப்பைத் தரும். எல்லா டேட்டாபேஸிலும் ஓடும். என்விஎல், இஃப்நல் போன்றவை ஒவ்வொரு கம்பெனியின் சொந்தச் சரக்கு. கோஅலெஸையே பழகுங்கள்.

ஆரக்கிளில் இன்னொரு வினோதம்: வெற்று எழுத்துச் சரத்தை அது நல்லாகவே வைத்துக்கொள்ளும். 'இவருக்கு இனிஷியலே கிடையாது' என்பதற்கு வெற்றுச் சரம், 'கேட்கவில்லை' என்பதற்கு நல் என்று நீங்கள் பிரித்து வைத்திருந்தால் ஆரக்கிளுக்கு மாறிய அன்றே அந்தப் பிரிவு அழிந்துவிடும்.

சில இடங்களில் நல்லும் நல்லும் ஒன்று

ஒப்பிடும்போது நல் நல்லுக்குச் சமமில்லை என்று சொன்னோம். குரூப் பை, டிஸ்டிங்ட் இரண்டும் அதைக் கேட்பதில்லை. எல்லா நல்லையும் ஒரே கூடையில் போடும். ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்னும் யூனிக் கட்டுப்பாட்டில் ஆளுக்கொரு பேச்சு. செல்போன் எண்ணுக்கு யூனிக் வைத்தால் போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் ஆரக்கிளும் எஸ்க்யூலைட்டும் போன் இல்லாதவர்கள் எத்தனை பேரையும் அனுமதிக்கும்; எஸ்க்யூஎல் சர்வர் ஒருவரை மட்டும் அனுமதித்து இரண்டாமவரிடம் பிழை காட்டும். போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பிலிருந்து எந்த விதி வேண்டுமென்று நாமே சொல்லலாம்.

வரிசைப்படுத்துவதிலும் இதே கூத்து. விலையை ஏறுவரிசையில் கேட்டால் போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் காலிகளைக் கடைசியில் வைக்கும். மற்ற மூன்றும் முதலில் வைக்கும். இறங்குவரிசையில் தலைகீழ். 'அதிக விலைக்குப் போன பத்துச் சீட்டு' என்று போஸ்ட்கிரெஸில் கேட்டால் விலையே போடாத பத்துச் சீட்டு வந்து நிற்பது இதனால்தான். முடிவில் 'நல்ஸ் லாஸ்ட்' சேர்த்தால் போதும்.

எக்செலிலிருந்து ஏற்றும்போது

பழைய கணக்கு எக்செலில் இருக்கும். அங்கே காலியைக் காட்ட ஒருவர் '-' போட்டிருப்பார், ஒருவர் 'நில்' என்று எழுதியிருப்பார், ஒருவர் ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டுப் போயிருப்பார். நேரடியாக எண் பத்தியில் ஏற்ற முயலாதீர்கள். முதலில் எல்லாப் பத்தியும் டெக்ஸ்ட்டாக இருக்கும் தற்காலிக டேபிளில் கொட்டுங்கள். என்னென்ன வடிவங்கள் இருக்கின்றன என்று குரூப் பை போட்டு எண்ணுங்கள். பிறகு நல்இஃப்(ட்ரிம்(விலை), '') என்று ஸ்பேஸ்களை நல்லாக்குங்கள். நல்இஃப் என்பது இரண்டும் சமமாக இருந்தால் நல் தரும், இல்லையென்றால் முதலாவதை அப்படியே தரும். 'நில்' என்று எழுதியிருப்பதை மட்டும் எழுதியவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அது பூஜ்யமாகவும் இருக்கலாம், 'தெரியலப்பா'வாகவும் இருக்கலாம்.

சிஎஸ்வி கோப்பை போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளையில் ஏற்றினால், இரண்டு காற்புள்ளிக்கு நடுவே ஒன்றுமில்லாதது நல். மேற்கோள் குறிக்குள் ஒன்றுமில்லாதது வெற்றுச் சரம். மைஎஸ்க்யூஎல் ஸ்ட்ரிக்ட் மோடில் இல்லாவிட்டால் எண் பத்தியின் காலி இடம் பூஜ்யமாக உள்ளே போய்விடும். ஏற்றி முடித்ததும் பூஜ்யங்களை எண்ணி எக்செலோடு ஒப்பிடுங்கள்.

விடுபட்ட விலையைச் சராசரியால் நிரப்பலாமா என்று கேட்பார்கள். மல்லி விலை முகூர்த்த நாளில் ஏறும், அடுத்த நாளே இறங்கும். சராசரியைப் போட்டால் அந்த ஏற்ற இறக்கமே மழுங்கிவிடும். திரையில் காட்ட நேற்றைய விலையைக் கடன் வாங்கலாம், பட்டுவாடாவுக்கு ஒருபோதும் கூடாது. நிரப்பியே ஆக வேண்டுமென்றால் விலை பத்தியைத் தொடாமல் மதிப்பீட்டு_விலை என்று தனிப் பத்தி வைத்து அதில் போடுங்கள். அசலில் எழுதிவிட்டால் எது வந்தது, எது நாம் போட்டது என்று பிறகு பிரிக்க முடியாது.

டேபிளிலேயே பூட்டுப் போடுவது

எங்கள் பழக்கம்: ஒவ்வொரு பத்தியையும் நாட் நல் என்றே தொடங்குவது, காலியாக இருக்க வேண்டிய காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் மட்டும் தளர்த்துவது. சீட்டு, தேதி, ஊர் எல்லாம் நாட் நல். விலைக்கு வாக்கியம் இருக்கிறது: 'சீட்டு போடும் நேரத்தில் விலை தெரியாது.' ஆம், இல்லை வகைப் பத்திகளுக்குக் கிட்டத்தட்ட எப்போதும் நாட் நல்லும் டிஃபால்ட் ஃபால்ஸும் வையுங்கள். மூன்றாவது நிலை உண்மையிலேயே தேவையென்றால் 'பார்க்கவில்லை', 'சரி', 'தவறு' என்று எழுத்தில் ஒரு நிலைப் பத்தி வைப்பது மேல்.

டிஃபால்ட்டை நம்பி ஏமாற வேண்டாம். இன்சர்ட்டில் அந்தப் பத்தியைக் குறிப்பிடாமல் விட்டால்தான் அது வேலை செய்யும். நல் என்று வெளிப்படையாக அனுப்பினால் நல்தான் உள்ளே போகும். வேறொரு டேபிளில் இருக்கும் மதிப்பை மட்டும் ஏற்கும் ஃபாரின் கீயும் நல்லைச் சோதிக்காமல் விடும்.

ஏற்கனவே ஓடும் டேபிளில் நாட் நல் போட வேண்டுமென்றால் வரிசை முக்கியம். முதலில் அப்ளிகேஷனிலிருந்து புதிய நல் வருவதை நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் நிரப்ப நிரப்ப மறுபக்கம் கொட்டிக்கொண்டே இருக்கும். பிறகு பழையவற்றை ஒரே மூச்சில் அல்லாமல் 5000 வரி வீதம் நிரப்புங்கள். கடைசியில் கட்டுப்பாடு. போஸ்ட்கிரெஸில் நேராக செட் நாட் நல் கொடுத்தால் டேபிளைப் பூட்டிவிட்டு முழுவதையும் வாசித்துப் பார்க்கும்; பெரிய டேபிளாக இருந்தால் கடையில் பில் நின்றுவிடும். அதற்குப் பதில் 'செக் (ஊர் இஸ் நாட் நல்) நாட் வேலிட்' என்று சேர்த்து, பிறகு வேலிடேட் கொடுத்து, அதன்பின் செட் நாட் நல் கொடுங்கள். 12-ஆம் பதிப்பிலிருந்து அந்தச் செக்கைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டு மறுவாசிப்பு இல்லாமல் முடித்துவிடும். பிறகு செக்கை டிராப் செய்யலாம்.

விலைப் பத்திக்கு இந்த வழி உதவாது, அது காலியாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் சீட்டு முடிந்துவிட்டது என்று குறித்த பிறகு காலியாக இருக்கக் கூடாது. நிலை என்று ஒரு பத்தி சேர்த்து இப்படிப் பூட்டலாம்:

செக் (நிலை <> 'முடிந்தது' ஆர் விலை இஸ் நாட் நல்)

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வேர் 'தெரியாது' என்பதை வெளியே தள்ளும்; செக் அதற்கு நேர்மாறு, பொய்யை மட்டும் தடுக்கும், தெரியாததை உள்ளே விட்டுவிடும். நிலை பத்தியே நல்லாக இருந்தால் இடப்பக்கம் தெரியாது, விலையும் காலியென்றால் வலப்பக்கம் பொய், மொத்தம் தெரியாது, வரி உள்ளே போய்விடும். ஆகவே நிலை பத்தியை நாட் நல், டிஃபால்ட் 'விலை வரணும்' என்று வைத்துவிட்டு அதன் பிறகு இந்தச் செக்கைப் போடுங்கள்.